ஜார்ஜியா அவென்யூ நாட்குறிப்பு, 2007

பிப்ரவரி 16, வெள்ளி

அமெரிக்க மக்களவையில் 246க்கு 182 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஈராக்குக்கு மேலும் இருபதாயிரத்துக்கு அதிகமான வீரர்களை அனுப்பும் புஷ்ஷின் முடிவை ஏற்கவில்லை என்று அது சொல்கிறது. அதற்கு முன்பாகவே, அங்கே இருக்கும் வீரர்களைத் தொடர்ந்து ஆதரிப்போம் என்றும் சொல்லிவிடுகிறது. அனுப்புவது தவறு, போனவர்கள் நல்லவர்கள் என்பதை ஒரே தாளில் எழுத எப்படித்தான் மனம் வருகிறது என்று எதிர்வீட்டு அம்மாள் கொதித்தார். அதில் முரண் ஏதும் இல்லை என்று என் கணவர் செய்தித்தாளை மடிக்காமலே சொன்னார். நான் இருவருக்கும் காப்பி கொடுத்தேன்.

மாலையில் வழக்கம்போல எங்கள் வீரர் ஆதரவுக் குழுவோடு வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வாசலில் கொடியோடு நின்றோம். புதன்கிழமை பெய்த பனிக்கட்டி மழை நடைபாதையில் கண்ணாடியாக உறைந்து கிடந்ததால், எழுபதைத் தாண்டிய வியட்நாம் வீரர் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட காயமுற்ற பிள்ளைகளின் பேருந்து திரும்பி வந்தபோது, சன்னலோரத்தில் இருந்த ஒருவன் கையசைத்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. அவனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வாஷிங்டன் போஸ்ட்டின் முதல் பக்கத்தை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். வால்டர் ரீடின் 18ஆம் எண் கட்டடத்தில் சுவரெல்லாம் கரும்பூஞ்சை, எலிப் புழுக்கை, மல்லாந்து செத்துக் கிடக்கும் கரப்பான், கறை படிந்த கம்பளம். போரிலிருந்து திரும்பி, வெளிநோயாளியாக மாதக்கணக்கில் காகிதங்களுக்காகக் காத்திருக்கும் வீரர்களை அங்கேதான் தங்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடம் மருத்துவமனை வளாகத்துக்குள் இல்லை. முன்பு விடுதியாக இருந்தது. அதே ஜார்ஜியா அவென்யூவில், நாங்கள் கொடி பிடித்து நிற்கும் அதே சாலையில் இருக்கிறது.

இதற்கு மேல் இன்று எழுத ஓடவில்லை.

மார்ச் 2, வெள்ளி

ராணுவச் செயலர் ஹார்வி பதவி விலகினார். மருத்துவமனையின் தலைவரை நேற்றே நீக்கிவிட்டார்கள்.

போருக்கு எதிரான பத்திரிகை, போரைக் கெடுப்பதற்காக வெளியிட்ட செய்தி அது என்று இன்று எங்கள் வரிசையில் ஒருவர் சொன்னார். பூஞ்சைக்குக் கட்சி கிடையாது என்றேன். எதிர்வீட்டு அம்மாள் என் முழங்கையை அழுத்தினார். பேசாதே என்றா, பேசு என்றா என்று புரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவரே சொன்னார்: “எழுதியது யாராக இருந்தால் என்ன, இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.” இந்த ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீட்டு வாசலில் போர் வேண்டாம் என்ற பலகை நிற்கிறது, தள்ளி இருக்கும் டகோமா பார்க்கைக் கேட்கவே வேண்டாம். இதற்கு நடுவே முப்பது ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சிக்காரராக இருந்துவரும் பெண்மணி, தன் ஆட்களைப் பற்றி இப்படிச் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது.

மார்ச் 8, வியாழன்

போன பெட்டியில் வைத்த தேன்குழல் பொடியாகித்தான் போய்ச் சேர்ந்தது என்று ஈராக்கிலிருந்து மகன் எழுதியிருக்கிறான். பிரிங்கிள்ஸ் டப்பாவின் வட்டத்துக்குள் அடங்கும்படி சின்னதாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே காகிதத் துண்டு வைத்தேன். மிச்ச இடத்தில் காலுறை, கால் பவுடர், ஈரத் துடைப்பான், பொடிக் காப்பி. சுங்கப் படிவத்தில் தேன்குழலை என்னவென்று எழுதுவது என்று அஞ்சலகத்தில் நின்று யோசித்து, அரிசிப் பண்டம் என்று எழுதினேன். ஈராக்குக்குப் பன்றி இறைச்சி அனுப்பக் கூடாது என்ற விதியை, நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த ஊழியர் எனக்கு நிதானமாக விளக்கினார்.

மார்ச் 17, சனி

வியட்நாம் நினைவுச் சுவரை யாரோ சேதப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு பல வாரங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலத்தின்போது நாடாளுமன்றப் படிகளில் சாயம் தெளித்தது முதல் பழைய வீரர்களுக்கு உறக்கம் இல்லை. அதனால் பென்டகனை நோக்கிப் போர் எதிர்ப்பாளர்கள் ஊர்வலம் போகும் இந்த நாளில், சுவரைக் காக்க வாருங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி, நாடெங்கிலும் இருந்து வந்துவிட்டார்கள். ‘கழுகுகளின் கூட்டம்’ என்று அதற்குப் பெயர். பெரும் நிறுவனம் எதுவும் பின்னால் இருப்பதாகத் தெரியவில்லை. பழைய படைப்பிரிவுச் சின்னங்கள் தைத்த தோல் அங்கிகளும், வீட்டில் தாங்களே எழுதிய அட்டைகளும், இரவெல்லாம் பனிமழையில் வண்டி ஓட்டி வந்த கண்களும்தான். காற்று எலும்பைத் துளைத்தது.

சின்னவளும் வந்தாள், எதிர்ப் பக்கத்துக்கு. சில்வர் ஸ்பிரிங்கில் ஒரே ரயிலில் ஏறினோம். அவளுடைய அட்டையில் “என் அண்ணனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்” என்று இருந்தது. என்னுடைய பையில் அவனுடைய படம் இருந்தது. மெட்ரோ சென்டரில் வண்டி மாறியபோது அவள் தோழிகள் ஏறிக்கொண்டார்கள். கையுறை போட்டுக்கொள்ளும்மா என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் நேராகத் தன் அண்ணன் பெயரிடம் போனார். அந்தச் சுவரில் பெயர்கள் இறந்த நாள் வரிசையில் நடுவில் தொடங்கிக் கிழக்கு முனைக்குப் போய், மறுபடி மேற்கு முனையிலிருந்து நடுவுக்கு வந்து முடிகின்றன. 1968 மே மாதத்தில் இறந்தவர்கள் கிழக்கு முனையில், கல் முழங்காலுக்கும் கீழே தாழ்ந்துவிடும் இடத்தில் இருக்கிறார்கள். அவர் ஈரப் புல்லில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு எழுத்துகளைத் தடவினார். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களில் அவருக்கு ஒன்று போதும்.

பிற்பகலில் ஊர்வலம் கடந்தபோது எங்கள் பக்கத்தில் சிலர் துரோகிகள் என்று கத்தினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குள்தான் என் மகளும் நடந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 25, ஞாயிறு

இரவு எட்டரைக்குக் காரின் கதவு சாத்தும் சத்தம். சாவுச் செய்தி சொல்ல வரும் சீருடைக்காரர்களோ என்று நெஞ்சு நின்றது. பீட்சா கொண்டுவந்த பையன், வீடு மாறி வந்துவிட்டான்.

ஏப்ரல் 11, புதன்

போர்முனைப் பணிக்காலம் பன்னிரண்டு மாதமாக இருந்தது, இனிப் பதினைந்து மாதம். பாதுகாப்புச் செயலர் கேட்ஸ் பிற்பகலில் அறிவித்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருக்கும் ராணுவத்தின் முழுநேரப் படைப்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்; மரைன் என்ற தனிப்படைக்கு இல்லை. முன்கூட்டியே செய்தி கசிந்துவிட்டதால், தளபதிகள் குடும்பங்களுக்குச் சொல்ல அவகாசம் இல்லாமல் போயிற்று என்று அவரே கோபப்பட்டார். அந்தக் கோபம் எங்களுக்கு என்ன உதவி செய்யும்? நான் சமையலறையில் நின்றுகொண்டு தொலைக்காட்சியில் கேட்டேன். அங்கே பாக்தாதில் என் மகன் அதை யார் வாயால் கேட்டானோ.

தீபாவளிக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன். இனிப் பொங்கலும் தாண்டிவிடும்.

இவர் எதுவும் சொல்லவில்லை. “நான்தான் சொன்னேனே” என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பாத்திரம் கழுவினார்.

ஏப்ரல் 14, சனி

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன். மாங்காய்ப் பச்சடி வைக்கவில்லை.

மே 1, செவ்வாய்

படைகள் திரும்பும் தேதியைக் குறித்திருந்த போர் நிதி மசோதாவை அதிபர் தன் வீட்டோ அதிகாரத்தால் திருப்பிவிட்டார். குழுவில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. தேதியைச் சொன்னால் எதிரி காத்திருந்து அடிப்பான் என்பது சரியான வாதம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினைந்து மாதம் பற்றி இதே குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீரர்களை ஆதரிக்கிறோம் என்று வண்டியின் பின்னால் மஞ்சள் நாடா ஒட்டிக்கொள்ள எந்தச் செனட்டரின் வாக்கும் தேவையில்லை.

மே 13, ஞாயிறு

அன்னையர் தினம். நேற்று பாக்தாதுக்குத் தெற்கே மறைந்திருந்து தாக்கியதில் நான்கு அமெரிக்க வீரர்களும் ஈராக்கியர் ஒருவரும் இறந்தார்கள், மூவரைக் காணவில்லை. வேறு படைப்பிரிவு என்று மாலையில்தான் தெரிந்தது. ஒரு பிரிவில் உயிரிழப்பு நேர்ந்தால், குடும்பத்துக்குச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பிரிவின் தொலைபேசியையும் இணையத்தையும் அடைத்துவிடுவார்கள் என்பதால், மகனிடமிருந்து பேச்சு இல்லாத நாள் ஒவ்வொன்றும் இரண்டு விதமாகப் பொருள்படுகிறது. இரவு பத்து மணிக்கு மேல் சீருடையில் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள் என்று குழுவில் சொல்கிறார்கள். பத்து அடித்த பிறகு படுக்கப் போகிறேன்.

மே 14, திங்கள்

பேசினான். தேன்குழல் ஒடியவில்லையாம்.

ஜூலை 11, புதன்

மேலவையான செனட்டில் ஜிம் வெப்பின் திருத்தம் தோற்றது: ஆதரவாக 56, எதிராக 41. விவாதத்தை முடித்து வைக்க அறுபது வேண்டும். ஒரு வீரன் போரில் எத்தனை மாதம் இருந்தானோ, குறைந்தது அத்தனை மாதமாவது வீட்டில் இருக்க விடாமல் மறுபடி அனுப்பக் கூடாது என்பதுதான் திருத்தம். இதைக் கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பது உண்மை. ஆனால் அவர் வியட்நாமில் போரிட்ட மரைன், ரீகன் காலத்தில் கடற்படைச் செயலர், அவருடைய மகனும் ஈராக்கில் இருந்தவன். ஹேகல், வார்னர் உள்பட ஏழு குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். மற்றவர்கள், இது தளபதிகளின் கையைக் கட்டும், பின்வாசல் வழியாகப் படையைத் திரும்பப் பெறும் தந்திரம் என்றார்கள்.

இருக்கலாம். எனக்குத் தந்திரம் புரியாது. உறக்கம் இல்லாமல் மூன்றாம் முறை, நான்காம் முறை அனுப்பப்படும் பையனுக்கு ஓய்வு கேட்பது வீரர்களை ஆதரிப்பதில் சேராது என்றால், பனியில் கொடி பிடித்து நான் நின்றது எதற்காக என்று எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

ஜூலை 13, வெள்ளி

காலையில் ஒரு செனட்டரின் அலுவலகத்தை அழைத்தேன். வேறு மாநிலத்தவரின் கருத்தைக் குறித்துக்கொள்வதில்லை என்று இளைஞர் ஒருவர் மரியாதையாகச் சொன்னார். மேரிலாந்தின் இரண்டு செனட்டர்களும் ஏற்கெனவே ஆதரித்தவர்கள். அவர்களை அழைத்துப் பயனில்லை.

மதியம் எதிர்வீட்டு அம்மாள் தானாகவே வந்தார். அவருடைய தங்கை டெக்சாஸில் இருக்கிறார். அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் எதிர்த்து வாக்களித்தவர்கள். என் மகனின் படைத்தளம் ஃபோர்ட் ஹூடும் அங்கேதான். கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தால், தங்கையிடமும் அவருடைய தேவாலயத்தில் உள்ள மற்ற தாய்மார்களிடமும் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை: வெப் என்ற பெயர் கடிதத்தில் எங்கும் வரக் கூடாது. சரி என்றேன். மாலை வால்டர் ரீட் வாசலுக்குப் போய்விட்டு வந்து எழுத வேண்டும்.