விளக்கவுரையில் இருந்த ‘சிலர்’

சில ஆண்டுகளுக்கு முன் ஐசுவரியவானான வாலிபனைக் குறித்து எங்கள் சபையில் பிரசங்கித்தேன். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொல்லும் பகுதி அது. எருசலேம் மதிலில் ‘ஊசியின் காது’ என்றொரு சிறு வாசல் இருந்ததாகவும், சுமையை இறக்கி முழங்காலிட்டால்தான் ஒட்டகம் அதில் நுழைய முடியும் என்றும் சொல்லி, நாமும் பாரங்களை இறக்கி முழங்காலில் நிற்க வேண்டும் என்று முடித்தேன். பலர் தலையசைத்தார்கள். ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அருகே வந்து, “தம்பி, அந்த வாசலை யார் பார்த்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

விளக்கவுரையில் படித்ததுதானே என்ற துணிச்சலில் வீட்டுக்கு வந்து, ஆங்கிலப் போதகர் மத்தேயு ஹென்றி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய வேதாகம விளக்கவுரையைப் புரட்டினேன். அப்படி ஒரு வாசல் இருந்திருக்கலாம் எனச் சிலர் எண்ணுகிறார்கள் என்றுதான் அவர் எழுதியிருந்தார். ஒட்டகத்தை வடக்கயிறு என்று வாசிப்பவர்களையும் அதே இடத்தில் குறிப்பிட்டிருந்தார். அந்தச் ‘சிலர்’ என்ற சொல்லை, படிக்கும் மேசையிலிருந்து பிரசங்கபீடத்துக்குப் போகும் வழியில் நான் தவறவிட்டிருந்தேன்.

பிற்கால விளக்கவுரைகளைப் பார்த்தபோது வாசல் முழுவதுமே சரிந்துவிட்டது. முதல் நூற்றாண்டில் அந்தப் பெயரில் ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அதோடு, தமிழ் வேதாகமத்தில் மத்தேயுவிலும் லூக்காவிலும் ஒரே ‘ஊசி’தான் என்றாலும், பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மத்தேயு ‘ராஃபிஸ்’ என்றும் லூக்கா ‘பெலோனே’ என்றும் எழுதுகிறார்கள். அது ஒரு வாசலின் பெயராக இருந்தால் இருவரும் ஒரே பெயரைத்தானே சொல்லியிருப்பார்கள்? இதற்காக ஹென்றியைக் குறைசொல்ல முடியாது. அவர் காலத்தில் புழங்கிய கிரேக்கப் பாடத்தில் லூக்காவிலும் ‘ராஃபிஸ்’ என்றே இருந்தது. (அப்போஸ்தலர் நடபடிகள் வரை எழுதி முடித்து 1714இல் அவர் இறந்துபோக, அதற்குப் பின்வரும் புத்தகங்களுக்கான விளக்கத்தை வேறு போதகர்கள் எழுதி முடித்தார்கள். ஆகவே ரோமர் நிருபத்துக்கு “ஹென்றி சொல்கிறார்” என்று மேற்கோள் காட்டுவதிலும் கொஞ்சம் கவனம் தேவை.)

எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது, விளக்கவுரை எதுவுமில்லாமலே நான் கண்டிருக்க வேண்டிய ஒன்று. சுமையை இறக்கினால் நுழைந்துவிடலாம் என்றால், சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, “அப்படியானால், யார் ரட்சிக்கப்படக்கூடும்” என்று ஏன் கேட்க வேண்டும்? “மனுஷரால் இது கூடாததுதான்” என்ற அடுத்த வசனத்துக்குத்தான் என்ன வேலை? அந்த இரண்டு வசனங்களையும் நிதானமாக வாசிப்பதற்கு முன்பே நான் விளக்கவுரையைத் திறந்துவிட்டேன்.

இப்போது பகுதியைப் பலமுறை வாசித்து, எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்ட பிறகே விளக்கவுரைகளைத் தொடுகிறேன். காலத்தால் தள்ளி நிற்கும் இரண்டையாவது ஒப்பிடுகிறேன். பிரசங்கக் குறிப்பில் ‘சிலர்’, ‘இருக்கலாம்’ போன்ற சொற்களுக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு போடுகிறேன். வேதபாட வகுப்பில் மாறுபட்ட கருத்துகளையும் அவரவர் காட்டும் ஆதாரத்தோடு முன்வைக்கிறேன். பிரசங்கத்தில் அதற்கு நேரம் போதாது.

போன மாதம் வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் அதே வாசலை வைத்து உருக்கமாகப் பேசினான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். “படிக்கலை ஐயா, நீங்க சொன்னதுதான்” என்றான்.