டூலான்னா தூளியான்னு கேட்ட மாமியார்

ரெண்டாவது பிரசவத்துக்கு டூலா வெச்சுக்கப் போறேன்னு சொன்னப்போ எங்க அத்தை முருங்கக்கீரை ஆஞ்சுட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பாத்து, "தூளியா? அத புள்ள பொறந்தப்புறம் கட்டிக்கலாம்மா, இப்பவே எதுக்கு"ன்னாங்க. தூளி இல்ல அத்தை, டூலா, வலி எடுத்ததுல இருந்து குழந்தை கைக்கு வர்ற வரைக்கும் கூடவே இருக்கற ஒரு அக்கா, அதுக்குன்னே படிச்சவங்கன்னு விளக்கினேன். அவங்க கீரைய ஆயறத நிறுத்தல. "அப்ப நான் என்ன செத்தா போயிட்டேன்"னு கேட்டாங்க.

நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லணும்னா மொத பிரசவத்த சொல்லணும்.

மூத்தவ பொறந்தப்போ ராத்திரி பதினோரு மணி வாக்குல என்ன உள்ள கூட்டிட்டுப் போயி கதவ சாத்திட்டாங்க. அம்மா வெளிய, அத்தை வெளிய, இவர் வெளிய. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், நம்ம ஊர்ல முக்காவாசி எடத்துல அப்ப அப்படித்தான். உள்ள நாலு கட்டில், ஒரே ஒரு சிஸ்டர், பாவம் அவங்களும் ஓடிட்டே இருந்தாங்க, நடுவுல நடுவுல வந்து பாத்துட்டு "இன்னும் டைம் இருக்கும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எதுக்கு டைம் இருக்கு, எவ்ளோ டைம், தெரியாது. எதிர் சுவத்துல ஒரு கடிகாரம், பேட்டரி தீந்துபோயி செகண்ட் முள்ளு மட்டும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல துடிச்சுட்டே இருக்கும், நகராது. வலி வரும்போதெல்லாம் நான் அந்த முள்ளத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரு தடவை கத்தினதுக்கு யாரோ "கத்தாதம்மா, முக்கறதுக்குத் தெம்பு வேணும்ல"ன்னாங்க. தண்ணி கேக்கணும்னு தோணுச்சு, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.

காலைல நார்மல் டெலிவரி, ரெண்டே முக்கால் கிலோ, தாயும் சேயும் நலம். எல்லாரும் "நல்லபடியா முடிஞ்சுதே"ன்னு சொன்னாங்க, முடிஞ்சுதுதான், ஆனா எனக்கு இன்னிக்கும் பிரசவம்னா மொதல்ல ஞாபகம் வர்றது அந்த முள்ளுதான்.

அதனால அத்தைகிட்ட சொன்னேன், நீங்க இருந்தீங்க அத்தை, ஆனா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. அவங்க ஒண்ணும் சொல்லல. கீரைக் காம்ப பொறுக்கி முறத்துல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

டூலாங்கறது கிரேக்க வார்த்தை. பழைய கிரேக்கத்துல அதுக்கு அர்த்தம் அடிமைப் பொண்ணு, வேலைக்காரி (இத நான் அத்தைகிட்ட சொல்லல). அமெரிக்காவுல டேனா ரஃபேல்னு ஒரு மானுடவியல் அம்மா, பிள்ள பெத்தவளுக்குப் பால் குடுக்கறதுல ஒத்தாசையா இருக்கற பொம்பளைக்கு இந்தப் பேர 1970கள்ல வெச்சாங்க. அப்புறம் அது பிரசவ நேரத்துல கூட இருக்கறவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர் மருத்துவச்சி வேற, இது வேற. மருத்துவச்சி பிரசவம் பாப்பாங்க, தொப்புள்கொடி அறுப்பாங்க. டூலா அது எதையும் தொடமாட்டாங்க, பிபி பாக்கறதில்ல, குழந்தையோட நெஞ்சுத்துடிப்பு கேக்கறதில்ல, கர்ப்பப்பை வாய் எத்தன சென்டிமீட்டர் திறந்திருக்குன்னு பாக்கறதில்ல, மருந்து மாத்திரை சொல்றதில்ல. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, டூலான்னு சொன்னதும் எங்க சொந்தத்துல ஒருத்தர் "வீட்லயே பெத்துக்கப் போறியா"ன்னு பதறிட்டார். அவர் பயமும் சும்மா இல்ல, 2018ல திருப்பூர்ல யூடியூப் வீடியோ பாத்து வீட்லயே பிரசவம் பாக்கப்போயி ஒரு அம்மா உயிர் போச்சு. யாராவது டூலான்னு சொல்லிக்கிட்டு ஆஸ்பத்திரியே வேண்டாம், டாக்டரே வேண்டாம்னு பேசினா, என்னக் கேட்டா அவங்க வீட்டு வாசப்படிகூட மிதிக்காதீங்க.

அப்ப ஒண்ணுமே செய்யாத ஆளுக்கு எதுக்குக் காசுன்னு இவர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்துச்சு, அதனால தேடித் தேடிப் படிச்சேன். 1980ல குவாத்தமாலாவுல ஒரு ஆஸ்பத்திரில ஒரு ஆய்வு பண்ணிருக்காங்க, பயிற்சியெல்லாம் இல்லாத சாதாரண பொம்பளைங்கள, அதுவும் முன்ன பின்ன தெரியாதவங்கள, பிரசவ வலில இருக்கறவங்க பக்கத்துல உக்கார வெச்சாங்க. முதுகத் தடவறது, கையப் பிடிச்சுக்கறது, பேசிட்டு இருக்கறது, அவ்ளோதான் வேலை. கூட ஆள் இருந்தவங்களுக்கு சராசரியா 8.8 மணி நேரத்துல பிரசவம், இல்லாதவங்களுக்கு 19.3 மணி நேரம். ரொம்பச் சின்ன ஆய்வு அது, அத மட்டும் வெச்சு நம்பச் சொல்லமாட்டேன். ஆனா 2017ல, மருத்துவ ஆய்வுகளச் சேத்து வெச்சு அலசற காக்ரேன்ங்கற அமைப்புக்காரங்க 15,000க்கு மேல பெண்கள் கலந்துக்கிட்ட ஆய்வுகள மொத்தமா அலசினப்பவும் பிரசவ நேரம் கொஞ்சம் குறையுது, சிசேரியனுக்கான வாய்ப்பு கால்வாசி குறையுதுன்னுதான் வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2019-21 தேசிய குடும்ப நல சர்வேப்படி 100 பிரசவத்துல 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரி மட்டும் எடுத்தா 64. கால்வாசிங்கறது நமக்குச் சின்ன விஷயமா?

இவர் அந்த நம்பரப் பாத்துட்டு சரின்னுட்டார். (காச விட, நான் அந்தக் கடிகாரத்தப் பத்தி அன்னிக்குத்தான் மொத தடவையா அவர்கிட்ட சொன்னேன், அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.)

ஆஸ்பத்திரி பிடிக்கறதுதான் பெரும்பாடு. மொத எடத்துல "கூட ஒரு ஆள்தான், புருஷனா டூலாவா நீங்களே முடிவு பண்ணிக்குங்க"ன்னாங்க. ரெண்டாவது எடத்துல டாக்டரம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு, "அப்ப நாங்க எதுக்கு இருக்கோம்"னு கேட்டாங்க. மூணாவதுல ஒத்துக்கிட்டாங்க, கண்டிஷனோட. ஃபைல தொடக்கூடாது, மருத்துவ விஷயத்துல வாயத் தொறக்கக்கூடாது, தியேட்டருக்குள்ள வரக்கூடாது, ஒரு நேரத்துல ரூமுக்குள்ள ரெண்டு பேர்தான். டூலா அக்கா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வெளிய வந்து "நல்ல டாக்டர், எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டாங்க"ன்னாங்க.

எட்டாம் மாசத்துல அக்கா வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தாங்க. எனக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித் தருவாங்கன்னு பாத்தா, வந்ததும் அத்தை பக்கத்துல உக்காந்து "உங்களுக்கு எத்தன பிரசவம்மா, எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டாங்க. அத்தை ஆரம்பிச்சவங்க முக்கா மணி நேரம் நிறுத்தல. துறையூர் பக்கத்துல மாட்டு வண்டில போனது, வழியிலயே பனிக்குடம் உடைஞ்சது, நடுவுல ஒரு புள்ள தங்காமப் போனது. அந்தப் புள்ளையப் பத்தி இவருக்கே தெரியாது. அடுப்புல பால் பொங்கி ஊத்திருச்சு, யாரும் எந்திரிக்கல.

வலி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சுது. அத்தை உடனே சீரகத்தக் கொதிக்க வெச்சுட்டாங்க, குடிச்சு அடங்கினா சூட்டு வலி, அடங்கலன்னா நெச வலி, அவங்க கணக்கு அது. நான் அக்காவுக்கு ஃபோன் பண்ணி அத்தை சீரகத் தண்ணி குடிக்கச் சொல்றாங்கன்னு ஒரு மாதிரி கூச்சமா சொன்னேன், "நல்லதுதானே, குடிங்க, அப்படியே ரெண்டு இட்லியும் சாப்பிடுங்க, அப்புறம் பேசுவோம்"ன்னாங்க. வலி அடங்கல. ராத்திரி ஒரு மணிக்கு அக்கா வந்தாங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வர ஆரம்பிச்சதும் கிளம்பினோம். எங்கம்மா மூத்தவளோட வீட்ல.

இந்தத் தடவை வயித்துல வலியே இல்ல, எல்லாம் பின்னாடி, இடுப்பெலும்ப யாரோ உள்ள இருந்து பொளக்கற மாதிரி. குழந்தை மல்லாக்க திரும்பியிருந்தா அப்படித்தான் வருமாம். அக்கா என்ன கட்டில்மேல முட்டி போட வெச்சு, பின்னாடி நின்னு ரெண்டு உள்ளங்கையையும் இடுப்போட ரெண்டு பக்கமும் வெச்சு உள்நோக்கி அமுக்கினாங்க. என்னன்னு சொல்றது, வலி போகல, ஆனா வலிக்கு ஒரு வேலி போட்ட மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் இவருக்குச் சொல்லிக் குடுத்தாங்க, இவர் என்னமோ முட்டை ஓடு உடைஞ்சுடும்ங்கற மாதிரி தொட்டார். ரெண்டு மணி நேரத்துல மூஞ்சி வெளுத்துப்போச்சு, அக்கா அவர "போயி பொங்கல் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்"னு வெளிய அனுப்பிட்டு அத்தைய உள்ள கூப்பிட்டாங்க. அத்தை வெளிய உக்காந்து தாயுமானவர வேண்டிட்டு இருந்தாங்களாம்.

திருச்சிப் பக்கத்து ஆளுங்களுக்கு அந்தக் கதை தெரியும். ரத்னாவதின்னு ஒரு பொண்ணு பிரசவ வலில இருக்கா, அம்மாக்காரி வரணும், காவேரில வெள்ளம், வர முடியல. சிவன் அவ அம்மா வேஷத்துலயே வந்து கூட இருந்து பிரசவத்தப் பாத்துட்டுப் போயிட்டார், அதனால தாயும் ஆனவர். மலைக்கோட்டைல இன்னிக்கும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கிட்டு வாழைத்தார் வெக்கறாங்க. சாமியே வந்தாலும் அம்மா மாதிரி வந்தாத்தான் அவளுக்கு ஆகும்னு நெனச்சிருக்கார் பாருங்க.

அத்தை கை வெச்சாங்க. முப்பது வருஷம் ஆட்டுக்கல்லுல மாவாட்டின மணிக்கட்டு. அக்காவே ஒரு அடி பின்னாடி தள்ளி நின்னு "இதுக்கு மேல நான் என்ன சொல்லித் தர்றது"ன்னாங்க.

காலைல எட்டு மணிக்கு டாக்டர் வந்து வலியக் கூட்டறதுக்கு ட்ரிப்ஸ் போடலாமான்னு கேட்டாங்க. நான் அக்கா மூஞ்சியப் பாத்தேன். அவங்க வேணும் வேண்டாம்னு சொல்லல, "உங்களுக்கு என்ன கேக்கணுமோ டாக்டர்கிட்ட கேளுங்க"ன்னாங்க. முன்னாடியே எழுதி வெச்சிருந்தோம்: இப்பவே வேணுமா, ஒரு மணி நேரம் பொறுத்தா என்ன ஆகும், போட்டா என்ன ஆகும். கேட்டேன். டாக்டர் யோசிச்சு "ஒரு மணி நேரம் பொறுக்கலாம், நடங்க"ன்னாங்க. நடந்தேன். பத்தல, அப்புறம் போட்டாங்க, ஆனா நான் சரின்னு சொல்லிப் போட்டது அது.

மத்தியானம் எட்டு சென்டிமீட்டர்ல நின்னுடுச்சு. மெஷின்ல குழந்தையோட துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் இறங்க ஆரம்பிச்சுது, ஏற நேரம் ஆச்சு. டாக்டர் உக்காந்து நேரா சொன்னாங்க, சிசேரியன்.

நார்மல் ஆகணும்னுதானே இவ்ளோ செலவுன்னு யாராவது கேப்பீங்க. அந்த நிமிஷம் எனக்கும் தோணுச்சு. கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி கிடைச்ச ரெண்டு நிமிஷத்துல அக்கா என் காதுகிட்ட குனிஞ்சு, "முதுகுல ஊசி போட்டதும் உடம்பு வெடவெடன்னு நடுங்கலாம், அது பயத்துல இல்ல, மருந்தோட வேலை. உள்ள யாரோ இழுக்கற மாதிரி தெரியும், வலிக்காது. அழுகைச் சத்தம் கேக்க கொஞ்சம் நேரம் ஆனாலும் பதறாதீங்க"ன்னாங்க. தியேட்டர் உள்ள என் பல்லு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிச்சு, மருந்துதான் மருந்துதான்னு சொல்லிட்டே கெடந்தேன். இழுத்தாங்க, வலிக்கல. கொஞ்சம் நேரம் ஆச்சு, அப்புறம் அழுதான்.

அந்த நேரம் பூரா அக்கா வெளிய இவர்கூட உக்காந்து உள்ள இப்ப இது நடக்கும், அடுத்து அது நடக்கும்னு சொல்லிட்டு இருந்தாங்களாம். வார்டுக்கு வந்ததும் தையல்ல படாம குழந்தைய கக்கத்துல இடுக்கிப் பால் குடுக்கறது எப்படின்னு காட்டிட்டு, சீம்பால் ரெண்டு சொட்டு இறங்கினதும்தான் கிளம்பினாங்க. பதினெட்டு மணி நேரம். ஒரு மாச வாடகை அளவு ஃபீஸ். எல்லாராலயும் முடியாது, அது எனக்குத் தெரியும்.

ஆனா அரசு ஆஸ்பத்திரில காசில்லாமயே ஒரு வழி இருக்குங்கறது ரொம்பப் பேருக்குத் தெரியல. பிரசவத்துக்குத் துணையா ஒரு பொம்பள ஆள உள்ள விடலாம்ங்கற திட்டம் நம்ம தமிழ்நாட்டுல 2004லயே ஆரம்பிச்சது, மத்திய அரசு 2016லதான் நாடு முழுக்கச் சொன்னாங்க. சொந்தக்காரப் பொண்ணா இருக்கணும், தானே பிரசவ வலி கண்டவங்களா இருந்தா நல்லது, தொத்து நோய் இருக்கக்கூடாது, சுத்தமான துணி, கடைசி வரைக்கும் கூடவே இருக்கணும், மத்த கட்டில்காரங்க விஷயத்துல தலையிடக்கூடாது. சில எடத்துல கேட்டாத்தான் விடுவாங்க, அதனால மாச செக்கப்புக்குப் போறப்பவே கேட்டு வெச்சுக்குங்க.

போன மாசம் அத்தையோட தங்கச்சி பொண்ணுக்கு பெரியாஸ்பத்திரில பிரசவம். யார் உள்ள போறதுன்னு பேச்சு வந்தப்போ அத்தை யாரையும் கேக்கல, புதுசா துவைச்ச சேலையக் கட்டிக்கிட்டு ரெடியா நின்னாங்களாம். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து தடால்னு சோஃபால உக்காந்து ரெண்டு கையையும் என்கிட்ட நீட்டினாங்க.

"மணிக்கட்டு விட்டுப்போச்சு, அந்த அமிர்தாஞ்சன எடு. ஆறு மணி நேரம் இடுப்ப அமுக்கியிருக்கேன். பொண்ணு. பக்கத்து கட்டில்காரி என்னப் பாத்து நீங்க யாருன்னு கேக்கறா."

என்ன சொன்னீங்க அத்தைன்னேன்.

"தூளின்னு சொன்னேன்"ன்னாங்க.