ஈடியைத் தனியே விடுவார்களா? இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு நாட்குறிப்பு

31 மார்ச் 2024, ஞாயிறு இரவு, வெஸ்ட் லஃபாயெட்

டெட்ராய்ட்டில் டென்னசி அணியை 72-66 என்ற கணக்கில் வென்று, 1980ஆம் ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாக எங்கள் பர்டூ பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாகியிருக்கிறது. எங்கள் சென்டர் (வளையத்தடியில் நிற்கும் ஆட்டக்காரர்) சாக் ஈடி 40 புள்ளிகளும், தவறிய வீச்சுகளைக் கைப்பற்றிய 16 ரீபவுண்டுகளும் எடுத்தார். நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து இது மூன்றாவது ஆண்டு. இந்த ஊர் இவ்வளவு நேரம் விழித்திருந்து இதுவரை நான் கண்டதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு இனி எட்டு நாள்கள் இருக்கின்றன. எதிரணியைப் பற்றி நான் கவனிப்பதை அன்றன்றே எழுதி வைக்கப் போகிறேன். அதற்குக் காரணம் சென்ற ஆண்டு மார்ச் 17. அன்று கொலம்பஸ் நகரில், முதல் தரவரிசையில் இருந்த நாம் 16ஆம் தரவரிசையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் 63-58 என்று தோற்றோம். நாட்டின் முதல் பிரிவு அணிகளிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அது. அவர்கள் 7 அடி 4 அங்குல உயரமுள்ள ஈடியை முன்னும் பின்னுமாக இருவர் மூவர் சூழ்ந்துகொண்டு, மற்றவர்களை வெளியிலிருந்து எறியுமாறு விட்டுவிட்டார்கள். வளைந்த கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகள் 26இல் நாம் 5 மட்டுமே போட்டோம். அந்த ஆட்டத்துக்கு முன் எதிரணியைப் பற்றி நான் ஒரு வரிகூட யோசித்திருக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

3 ஏப்ரல், புதன்

அரையிறுதியில் எதிரே நிற்பது வட கரோலினா ஸ்டேட். 11ஆம் தரவரிசையில் நுழைந்த அணி. தங்கள் மாநாட்டின் (பருவம் முழுவதும் தமக்குள் மோதும் அணிகளின் குழு) தொடரில் ஐந்து நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்றதனால்தான் இந்தத் தொடருக்கே வந்தார்கள். அவர்களுடைய டி.ஜே. பர்ன்ஸ் இடக்கை ஆட்டக்காரர். முதுகைக் கொடுத்து எதிராளியைத் தள்ளிக்கொண்டே வளையத்தடிக்குச் செல்வதிலும், அங்கிருந்து பந்தைப் பிரித்துக் கொடுப்பதிலும் அவர் தேர்ந்தவர். ஆனால் அவருடைய பலம் தன்னைவிட எடை குறைந்தவர்களிடம் செல்லும் பலம். ஈடியைத் தள்ளவும் முடியாது, அவர் கைக்கு மேல் எறியவும் முடியாது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை.

6 ஏப்ரல், சனி நள்ளிரவு

பர்டூ 63, வட கரோலினா ஸ்டேட் 50. பர்ன்ஸ் 8 புள்ளிகளோடு நின்றுவிட்டார். ஈடிக்கு 20 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் நம் பாயிண்ட் கார்டு பிரேடன் ஸ்மித்துக்கு வளையம் இன்று ஒத்துழைக்கவே இல்லை; ஆனாலும் 25 மூன்று புள்ளி வீச்சுகளில் 10 விழுந்தன. ஈடியை நோக்கி ஓர் உதவி ஆள் நகரும்போதெல்லாம் நம் வீச்சாளர்கள் ஃபிளெட்சர் லோயரோ லான்ஸ் ஜோன்ஸோ வெளியே தனியாக நின்றார்கள். சென்ற ஆண்டின் காயத்துக்கு நம் பயிற்சியாளர் மேட் பெயின்டர் கண்டுபிடித்த மருந்து இதுதான். ஈடியைச் சூழ்பவர்கள் அதற்கான விலையை வெளியே கொடுத்தாக வேண்டும் என்ற நிலையை அவர் உருவாக்கியிருக்கிறார்.

இரண்டாவது அரையிறுதியில் யூகான் என்று அழைக்கப்படும் கனெக்டிகட் அணி அலபாமாவை 86-72 என்று வென்றது. ஆகவே திங்கள் இரவு, அரிசோனாவின் கிளெண்டேலில், நடப்புச் சாம்பியனான யூகானோடு மோதுகிறோம். பர்டூ இறுதி ஆட்டத்தில் நிற்பது 1969க்குப் பிறகு இப்போதுதான். அன்று லூ அல்சிண்டரின் யு.சி.எல்.ஏ. அணியிடம் 92-72 என்று தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அறையில் இருந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் பேசினார்கள்: யூகானின் சென்டர் டோனவன் கிளிங்கன். 7 அடி 2 அங்குலம், 280 பவுண்டு. ஈடிக்கு நிகரான உடல் அளவுள்ள ஒருவரை இந்தத் தொடரில் நாம் இன்னும் சந்திக்கவில்லை. கிளிங்கனுக்கு விரைவில் இரண்டு ஃபவுல் வாங்கித் தந்து அவரை வெளியே உட்கார வைத்துவிட்டால் ஆட்டம் நம் பக்கம் சாய்ந்துவிடும் என்று நானும் சொன்னேன். அவருக்கு மாற்றாக வரும் சாம்சன் ஜான்சன் 6 அடி 10 அங்குலம் இருந்தாலும் மெலிந்த உடல்வாகு கொண்டவர். ஈடியின் தோளைத் தாங்க மாட்டார். நள்ளிரவில் இது எனக்கு முழுமையான திட்டமாகவே தோன்றியது.

7 ஏப்ரல், ஞாயிறு

காலையிலிருந்து யூகானின் இரண்டு ஆட்டங்களை மீண்டும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் இல்லினாய் ஆட்டம். முதல் பாதியின் பிற்பகுதியில் 23-23 என்று சமமாக இருந்தது. அதன் பிறகு யூகான் தொடர்ச்சியாக 30 புள்ளிகள் எடுத்தது. அது முடியும்வரை இல்லினாய்க்கு ஒன்றுகூட விழவில்லை. நமது பிக் டென் மாநாட்டுத் தொடரை வென்ற ஒரு நல்ல அணி 23லிருந்து நகர முடியாமல் நின்றதைப் பார்ப்பது வேதனையாக இருந்தது. கிளிங்கன் எதிர்த்து நின்று கை உயர்த்திய 19 வீச்சுகளில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். நான் கவனித்தது வேறொன்று: அத்தனை முறையும் இல்லினாய் ஆட்டக்காரர்கள்தாம் அவரை நோக்கி ஓடினார்கள். அவர் வளையத்தடியை விட்டு வெளியே வர வேண்டிய தேவையே எழவில்லை.

பிறகு அலபாமா ஆட்டம். அலபாமா முதல் பாதியில் வெளியிலிருந்து 8 மூன்று புள்ளிகள் போட்டு, இடைவேளையில் 44-40 என்று நெருங்கியே நின்றது. இரண்டாம் பாதியில் 56-56 என்று சமமானபோது யூகான் இப்போது திணறும் என்று நேற்று நினைத்தேன். இன்று மீண்டும் பார்க்கும்போது அதற்குப் பிறகு நடந்தது தெளிவாகத் தெரிந்தது. யூகானின் ஆட்டக்காரர்கள் தங்கள் ஆள்களை விட்டு உள்ளே உதவிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். உள்ளே வருபவரைக் கிளிங்கன் தனியாகப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில், மற்ற நால்வரும் மூன்று புள்ளிக் கோட்டை ஒட்டியே நின்றார்கள்.

ஊரில் நான் கல்லூரி அணியில் ஆடிய நாள்களில் எங்கள் பி.டி. சார் எதிரணியின் ஆட்டம் பார்க்க எங்களை அழைத்துச் செல்வார். பந்து வைத்திருப்பவனைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவர் விதித்த ஒரே கட்டளை. பந்து கையில் இல்லாத நால்வரின் கால்களைப் பார்த்து, திரும்பி வரும்போது பேருந்தில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இன்று மதியம் அவர் சொன்னபடி, கிளிங்கனை விட்டுவிட்டு மற்ற நால்வரின் கால்களைப் பார்த்தேன். நேற்றிரவு நான் போட்ட திட்டம் அப்போதே ஆட்டம் காணத் தொடங்கியது.

நாம் எல்லோரும் யூகான் ஈடியை எப்படி நிறுத்தும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஈடியை நிறுத்தாமலே வெல்ல அவர்கள் நினைத்தால் என்ன ஆகும்? கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களில் யூகான் எடுத்தவை 91, 75, 82, 77, 86. ஒரு முறைகூட 75க்குக் கீழே இறங்கவில்லை. நம்மை எதிர்த்தவர்கள் எடுத்தவை 50, 67, 68, 66, 50. நம் தடுப்பாட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூகானை 70க்குள் அடக்குவோம் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. ஆக, நமக்கு 76 வேண்டும். ஈடி கிளிங்கனோடு ஒற்றைக்கு ஒற்றை மோதி, இரண்டிரண்டாக 40 புள்ளிகளே எடுத்தாலும், மற்றவர்கள் 36 எடுக்க வேண்டும். உதவிக்கு யாரும் உள்ளே வரவில்லை என்றால் லோயரும் ஜோன்ஸும் மேசன் கில்லிஸும் வெளியே தனியாக நிற்கவே மாட்டார்கள். அந்த 36 எங்கிருந்து வரும்?

சென்ற ஆண்டு நம்மைத் தோற்கடித்தவர்கள் ஈடியை மூடி, வெளியே உள்ளவர்களைத் திறந்துவிட்டார்கள். யூகான் இதைத் தலைகீழாகச் செய்ய முடியும். அதற்குக் கிளிங்கனைப் போன்ற ஒருவர் வேண்டும். அவர்களிடம் அவர் இருக்கிறார்.

உயரமும் கவலை தருகிறது. ஸ்மித் 6 அடி, ஜோன்ஸ் 6 அடி 1 அங்குலம். எதிரே டிரிஸ்டன் நியூட்டன் 6 அடி 5, ஸ்டெஃபான் காசில் 6 அடி 6, கேம் ஸ்பென்சர் 6 அடி 4. நம் தடுப்பாட்டத்தில் ஈடி வளையத்தடியிலேயே பின்வாங்கி நிற்பார். அதனால் ஸ்கிரீனை (வழிமறித்து நிற்கும் சக ஆட்டக்காரரை) சுற்றிப் பந்தோடு வரும் கார்டுக்கு, கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே, பத்துப் பன்னிரண்டு அடித் தொலைவில் ஒரு வெற்றிடம் கிடைக்கும். குள்ளமான கார்டுகள் பின்னாலிருந்து துரத்தும்போது நியூட்டனும் காசிலும் அந்த இடத்தில் அவசரமில்லாமல் எறிவார்கள்.

அவர்களிடம் நான் கண்ட ஒரே பிளவு காசில்தான். முதலாண்டு மாணவர், வெளியிலிருந்து எறிவதில் அவருடைய விகிதம் குறைவு. அவரை விட்டுவிட்டு, அவரை மறிக்க வேண்டியவர் உள்ளே நின்று உதவலாம் என்று எழுதி வைக்கிறேன். நேற்று அதே காசில் அலபாமாவிடம் 21 புள்ளிகள் எடுத்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

8 ஏப்ரல், திங்கள் மாலை

இன்று பிற்பகல் சூரிய கிரகணம். முழு மறைப்பின் பாதை இண்டியானாபொலிஸ் வழியாகச் சென்றது. நாங்கள் அதற்குச் சற்று வெளியே இருந்ததால் இங்கே மெல்லிய பிறை ஒன்று எஞ்சியது. புல்வெளியில் கண்ணாடி அணிந்து வானத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் பர்டூவின் கறுப்பு, பொன் நிறச் சட்டைகளில்தான் நின்றார்கள். அங்கும் பேச்சு ஆட்டத்தைப் பற்றியே இருந்தது.

ஆட்டம் இரவு ஒன்பது மணிக்கு மேல். அதற்குள், யூகான் இந்தப் பருவத்தில் தோற்ற மூன்று ஆட்டங்களை எண்ணிப் பார்த்தேன்: கான்சஸ், சீட்டன் ஹால், கிரெய்ட்டன். சீட்டன் ஹால் ஆட்டத்தின்போது கிளிங்கன் காலில் காயம்பட்டு வெளியேறினார். ஆகவே அதை ஒதுக்கிவிடலாம். கிரெய்ட்டன் அவர்களை 85-66 என்று வென்றதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கும் ஓர் உயரமான சென்டர் இருந்தார். ஆனால் வெற்றியைத் தந்தவை சுற்றி நின்றவர்கள் போட்ட மூன்று புள்ளிகள்தாம்.

ஆகவே என் கணிப்பைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். கிளிங்கனின் ஃபவுல்களை நான் எண்ணப் போவதில்லை. முதல் பத்து நிமிடத்தில் நாம் எத்தனை மூன்று புள்ளி வீச்சுகளை எறிகிறோம் என்பதை எண்ணுவேன். விழுந்தவற்றை அல்ல, எறிந்தவற்றை. ஸ்மித்தும் ஈடியும் ஆடும் பிக் அண்ட் ரோலுக்கு (ஸ்மித்தை மறிப்பவரை ஈடி தடுத்துவிட்டு வளையத்தை நோக்கித் திரும்பும் ஆட்டம்) இந்தத் தொடரில் எவரும் முழுமையான விடை கண்டதில்லை. யூகானும் ஒரு கட்டத்தில் உதவிக்கு உள்ளே வந்தே ஆக வேண்டியிருக்கும், அப்போது நம் வீச்சாளர்கள் திறந்து நிற்பார்கள் என்று நம்புகிறேன். பர்டூ 78, யூகான் 75. மனம் முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

9 ஏப்ரல், செவ்வாய், அதிகாலை 2 மணி

யூகான் 75, பர்டூ 60.

ஈடி 37 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் எடுத்தார். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது 23. கிளிங்கன் பெரும்பாலான நேரம் ஈடியைத் தனியாகவே எதிர்கொண்டார். அவரால் ஈடியை நிறுத்த முடியவில்லை. யூகான் பயிற்சியாளர் டான் ஹர்லி அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை. ஈடி ஒவ்வொரு முறை திரும்பி எறியும்போதும் மற்ற நால்வரின் கால்களைப் பார்த்தேன். கோட்டை விட்டு அவை நகரவில்லை. ஸ்மித்தின் பிக் அண்ட் ரோலில் இரண்டு பேருக்கும் இரண்டு பேரையே ஒதுக்கி, மூலைகளில் நின்றவர்களை அவர்கள் விடவே இல்லை. இங்கேதான் என் கணிப்பு தவறியது. ஒரு கட்டத்தில் உதவிக்கு வருவார்கள் என்று நான் எழுதிய அந்தக் கட்டம் நாற்பது நிமிடத்திலும் வரவில்லை.

இடைவேளையில் 36-30. ஆறு புள்ளிகள் பெரிய இடைவெளி இல்லை என்று அறையில் எல்லோரும் சொன்னார்கள். நான் எதுவும் பேசவில்லை; நாம் எறிந்த மூன்று புள்ளி வீச்சுகளை எண்ண ஒரு கை விரல்களே எனக்கு அதிகமாக இருந்தன. நியூட்டன் 20 புள்ளிகளோடு தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விட்டுவிடலாம் என்று நான் எழுதிய காசில் 15 எடுத்தார். பெரும்பாலும் வெளியிலிருந்து எறிந்து அல்ல, அந்த நடு வெற்றிடத்திலும் வளையத்தடியிலும் புகுந்து. 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஃபுளோரிடா வென்றதற்குப் பிறகு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வெல்லும் முதல் அணி யூகான். இந்த இரண்டு ஆண்டுகளின் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர்களுடைய வெற்றி இடைவெளி பத்துக்குக் குறையவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் புள்ளி அட்டையைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தேடினேன். கொலம்பஸில் சென்ற ஆண்டு 26 எறிந்து 5 போட்டோம். சனிக்கிழமை 25 எறிந்து 10 போட்டோம். இன்று 7 எறிந்து 1.