பச்சைக்குத் தப்பி வந்த நீலம்

நேற்று ராத்திரி மூசையை (சூளையில் வைத்துச் சுடுகிற கிண்ணம்) திறந்து, உள்ளே இருந்த கட்டியை யூவி டார்ச்சில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு கராஜ் விளக்கை அணைத்தேன். நீலம்! லேசாகப் பச்சை ஓடிய மயில் கழுத்து நிறம். தைப்பூசக் காவடியில் தோகைக் கண்கள் இருட்டில் ஒளிர வேண்டும் என்றுதான், ஒளிரும் பொடியை நானே சுட்டு எடுக்க ஆறு மாதமாக இந்தக் கூத்து.

பச்சை யாருக்கும் வரும். 10 கிராம் அலுமினாவுக்கு 14.5 கிராம் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட் போட்டால் ஒளியின் அலைநீளம் 520 நானோமீட்டர், கடையில் விற்கிற அதே பச்சை. கார்பனேட்டை 8.3 கிராமாகக் குறைத்தால் படிகமே வேறு. ஸ்ட்ரான்ஷியம் அணு நான்குக்கு அலுமினியம் அணு பதினான்கு. ஒளியைத் தருகிற யூரோப்பியம் என்ற தனிமம் அதில் உட்கார்ந்தால் 490க்கு, நீலத்துக்கு, வந்துவிடும். யூரோப்பியம் ஆக்சைடு 0.1, ஒளி நீடிக்க டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு 0.2 கிராம், இதில் நான் கை வைக்கவே இல்லை.

என் உயிரை வாங்கியது, ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வைக்கிற கரிதான். முதல் தடவை பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) கரியை ஒரு துண்டு மூசைக்குள் வைத்து மூடினேன். 1300 டிகிரி போவதற்குள் கரி எரிந்து தீர்ந்துவிட்டது போல. டார்ச் அடித்தால் ஆரஞ்சுச் சிவப்பு, அணைத்தால் ஒன்றுமே இல்லை. யூரோப்பியத்தின் மின்சுமை மூன்றிலேயே நின்றுவிட்டது, இருட்டில் ஒளிரத் தேவையான இரண்டுக்கு இறங்கவில்லை. அடுத்த தடவை கரியைப் பொடித்து மேலேயே தூவினேன். ஒளிர்ந்தது, ஆனால் கட்டி முழுக்கச் சாம்பல் புள்ளி. அப்புறம்தான் மூசைக்குள் மூசை: சின்னதில் கலவை, பெரியதில் சுற்றிலும் கரிப்பொடி அழுத்தி, மூடி விளிம்பில் கயோலின் (வெள்ளைக் களிமண்) பூச்சு. ஆறும்வரை திறக்கவே கூடாது. நான் அவசரப்பட்டு 700 டிகிரியில் திறந்து ஒரு சுடுதலைப் பாழாக்கினேன். இன்னொன்றை 1100இல் கரண்ட் போய்க் கெடுத்தது. (கராஜ் கதவைத் திறந்தே வையுங்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.)

இவ்வளவுக்குப் பிறகும் பச்சைதான் வந்தது! அளவெல்லாம் சரி. கடைசியில் கலவையில் போடுகிற போரிக் ஆசிட்டை 0.3இலிருந்து 0.9 கிராமாக ஏற்றினேன். போரான் குறைந்தால் நமக்கு வேண்டிய படிகம் ஒழுங்காக உருவாகாமல் பச்சைக்காரனும் கூடவே வளர்ந்துவிடுகிறான். ஏற்றியதற்குத் தண்டனை, கட்டி கருங்கல் மாதிரி இறுகிவிட்டது. அடித்து அரைத்தால் ஒளி குறையும், அரைக்காவிட்டால் பெயின்டில் கலக்காது. பாதியை இன்னும் தொடவே இல்லை.

ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட் மண்பாண்டச் சாமான் கடையிலேயே கிடைக்கிறது, கிளேஸுக்கு வாங்குவார்கள். யூரோப்பியம்தான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எனக்கு ஏழு வாரம் ஆனது. வெஸ்டர்ன் கேப்பில் ஸ்டீன்காம்ப்ஸ்க்ரால் என்று மோனசைட் (இந்த மாதிரி அருமண் தனிமங்கள் உள்ள கனிமம்) சுரங்கமே இருக்கிற தென்னாப்பிரிக்காவில் இந்தக் கதி.

டர்பன் ஈரத்துக்குப் பயந்து பொடியைத் தண்ணீர்ப் பெயின்டில் சேர்க்கப் போவதில்லை. ஈரம் பட்டால் இந்த அலுமினேட் கரைந்து கெட்டுப்போகும். எபாக்ஸிதான்.

கட்டியை இருட்டில் அம்மாவிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா வேல் செவப்பா இருக்கணும்டா" என்கிறார். சிவப்பென்றால் இட்ரியம் ஆக்சிசல்ஃபைடு. கந்தகம் போட்டுச் சுட வேண்டும், ஒளியும் சீக்கிரம் அடங்கிவிடும். டர்பனில் நாங்கள் இருக்கிற சாட்ஸ்வர்த்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.