13 கண் பாலமும் ஒரு பென் டிரைவும்

ஜூன் 8, 2024, சனி

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டது. சாயங்காலம் அடித்த காற்றில் கரன்ட் போனது. அந்த நேரம் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிளாக் பிளாக்காக அடுக்கி ஒரு உலகத்தையே கட்டும் விளையாட்டு அது. ஒன்பது மணிக்கு மறுபடி திறந்தால் அதில் நான் கட்டிய பாலத்தில் நான்கு கண்ணை, அதாவது நான்கு வளைவைக் காணோம்.

கேரளாவில் கழுதுருட்டியில் இருக்கிற 13 கண் ரயில் பாலம்தான் அது. ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்ற கணக்கில் நான்கு மாதமாகக் கட்டினேன். காணாமல் போன இடத்தில் வெறும் புல்லும் ஓடையும்தான், கத்தியால் நறுக்கியது போல நேர் விளிம்போடு. ராத்திரி சோறு இறங்கவில்லை.

பென் டிரைவில் காப்பி இருக்கிறதே என்று தேடினேன். அதில் இருந்தது 2 கேபி ஃபைல். டெஸ்க்டாப் ஐகானைத்தான் காப்பி செய்திருக்கிறேன். அது ஷார்ட்கட். விளையாட்டு இருக்கும் இடத்துக்கு வழி காட்டும், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இருப்பது கரன்ட் இருக்கிற வரைக்கும்தான், டிஸ்கில் எழுதினால்தான் நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால் அந்த ஃபைல் பாதியில் கெட்டுவிடும். மைன்கிராஃப்ட் தன் உலகத்தை 16-க்கு 16 பிளாக் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. அதற்குச் சங்க் என்று பெயர். படிக்க முடியாத சங்க்கைப் புதிதாக முளைக்க வைத்துவிடும்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். என் பாலத்தில் ஒரு கண்ணுக்கு எட்டு பிளாக். நான்கு கண் 32, அதாவது சரியாக இரண்டு சங்க். காரணம் புரிந்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

ஜூன் 11, செவ்வாய்

உலகம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆப்டேட்டா என்கிற ஃபோல்டர் விண்டோஸில் மறைந்தே இருக்கும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு ஆப்டேட்டா என்று அடித்தால் திறக்கிறது. அதற்குள் மைன்கிராஃப்ட், அதற்குள் சேவ்ஸ். என் உலகம் 240 எம்பி. விளையாட்டை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் பாதி எழுத்தாகிவிடும். கட் செய்யவே கூடாது, காப்பிதான்.

ஜூன் 13, வியாழன்

அண்ணன் இன்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். தாத்தாவிடம் சொன்னேன்.

"லேய், இதைத்தானலே நான் செஞ்சு வச்சிருக்கேன்" என்றார்.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரம் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதன் ஜெராக்ஸ் ஒன்று அப்பாவின் அலமாரியிலும் இன்னொன்று புனலூர் அத்தை வீட்டிலும் இருக்கின்றன. 1992 வெள்ளத்துக்கு அப்புறம் தாத்தா செய்த ஏற்பாடாம். பெட்டியைத் திறந்து காட்டினார். எனக்கு அவர் மேல் புது மரியாதையே வந்துவிட்டது.

ராத்திரி பென் டிரைவில் இருந்த காப்பியை அப்பாவின் லேப்டாப்பில் போட்டுத் திறந்து பார்த்தேன். திறந்தது. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதே என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

ஜூன் 16, ஞாயிறு

தாத்தாவோடு பஸ்ஸில் புனலூர் போனேன். ஆரியங்காவு தாண்டியதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. கழுதுருட்டியில் ரோட்டோரமாகவே பாலம் வருகிறது. கருங்கல் தூண்களை மொபைலில் பத்துப் படம் எடுத்தேன். என் பாலத்தில் வளைவுகள் கொஞ்சம் தட்டையாக இருந்தன, இந்த முறை சரியாகக் கட்டுவேன்.

அத்தை பென் டிரைவை வாங்கி, "இதுலயும் பத்திரமாடா?" என்று கேட்டார். கவரின் மேல் தேதி எழுதிக் கொடுத்தேன். பீரோவில் ஜெராக்ஸ் இருக்கும் மஞ்சப்பையிலேயே வைத்துப் பூட்டினார். ஓணத்துக்கு வரும்போது புதுக் காப்பி கொண்டுவந்து மாற்ற வேண்டும். அதற்குள் நான்கு கண்ணும் எழும்பியிருக்கும்.