ஃப்ளை கட்டப் பழகுகிறேன்: பாஸுக்கும் ப்ளூகில்லுக்கும் முதல் சில இரைகள்

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் நூலால் கட்டிச் செய்யும் போலி இரை. அதைக் கட்டுவது என்றதும் பலர் மனத்தில் வருவது ட்ரவுட் மீனுக்கான குட்டிக் குட்டி ஈக்கள்தான். பூதக்கண்ணாடியும் மூச்சடக்கமும் இல்லாமல் அவற்றைக் கட்ட முடியாது. பாஸ், ப்ளூகில் போன்ற வெதுநீர் மீன்களின் கதை வேறு. லார்ஜ்மவுத் பாஸ் ஒளிந்திருந்து பாயும் ஜாதி. நம் விராலைப் போலத் தவளை, குஞ்சுமீன் என வாய்க்கு அடங்கியதையெல்லாம் விழுங்கப் பார்க்கும். பூச்சிக்கு எத்தனை கால் என்று எண்ணிப் பார்த்து இரை எடுக்காது. முள் பெரிது, பொருள்கள் முரடு, கட்டு கொஞ்சம் கோணலானாலும் குடிமுழுகிப் போகாது என்பதால்தான் இதில் தொடங்கினேன். அந்த மீன் ஏற்காதது ஒன்றே ஒன்று: தண்ணீரில் உயிர் இல்லாத இரை.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முள்ளை இறுகப் பிடிக்கும் வைஸ், நூல்கண்டைத் தாங்கும் பாபின், முனை கூரான சிறு கத்தரி, இவை போதும். அந்தக் கத்தரியால் கம்பியை மட்டும் வெட்டாதீர்கள். நூல் 140 டெனியர் எடுத்தேன். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். ட்ரவுட் ஈக்களுக்கு இதில் பாதித் தடிமன் போதும். முள்ளின் எண்தான் முதலில் குழப்பும். எண் கூடக்கூட முள் சிறுக்கும். பெரிய பக்கத்தில் 1 என்பதைத் தாண்டியதும் 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். ப்ளூகில்லுக்கு 8 அல்லது 10, பாஸுக்கு 2 முதல் 1/0 வரை. ப்ளூகில்லின் வாய் மிகச் சிறியது. பெரிதாகக் கட்டினால் வாலை மட்டும் கடித்து இழுத்துவிட்டுப் போய்விடும்.

எதையும் கட்டுவதற்கு முன் வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, அறும்வரை வேண்டுமென்றே இழுத்துப் பாருங்கள். அறுவதற்குச் சற்று முன்பு நூல் விறைத்து நிற்கும். அந்த விறைப்பை விரல் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அழுத்தம் குறைந்த கட்டு, மீன் கடித்த மாத்திரத்தில் தண்டை, அதாவது முள்ளின் நேரான பகுதியை, சுற்றிக்கொண்டு திரும்பிவிடும்.

முதலில் எடுத்தது வுல்லி பக்கர். ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர் 1967இல் பென்சில்வேனியாவில் ஸ்மால்மவுத் பாஸுக்காக உருவாக்கிய இரை. இன்று அதை ட்ரவுட்காரர்கள் தங்களுடையது போலக் கொண்டாடுகிறார்கள். வாலுக்கு மாரபூ என்ற பஞ்சுபோன்ற மெல்லிறகு, உடலுக்கு ஷெனில் என்ற பூநூல், அதன் மேல் வாலிலிருந்து முள்ளின் கண்வரை (நரம்பு கோக்கும் துளைவரை) இடைவெளி விட்டுச் சுற்றிவரும் சேவல் இறகு. வால் தண்டின் நீளமே இருந்தால் போதும். மாரபூவை எவ்வளவு வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உலர்ந்திருக்கும்போது கை நிறையப் பொங்கி நிற்கும். விரலை நனைத்து ஒருமுறை உருவினால் குச்சியாக ஒடுங்கும். அந்த ஒடுங்கிய வடிவம்தான் மீன் பார்க்கப்போவது. ஆகவே நனைத்துப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்கிறேன். கட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் நூலோடு விட்டு மெல்ல இழுத்து நிறுத்துவேன். இழுக்கும்போது வால் கூம்பும். நிறுத்தியதும் இழை இழையாக விரியும். கூம்பி விரிவது தெரியாவிட்டால், வைஸில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பெட்டிக்குள் போகாது. தண்டின் முன்பாதியில் மட்டும் ஈயக் கம்பி சுற்றினால் நிறுத்தும்போதெல்லாம் தலை கவிழும். அந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும்.

முள்ளின் கண்ணுக்குப் பின்னால் இடம் விடுவது பற்றி எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசியில் இறகின் அடியையும் கட்டி முடிச்சும் போட வேண்டும். அதற்கு இடமில்லாமல் நூல் கண்ணின் மேல் ஏறினால், துளை அடைபட்டுத் தூண்டில் நரம்பே நுழையாது. கண்ணின் அகலத்தைப் போல இரண்டு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறேன்.

அடுத்தது க்ளவுசர் மின்னோ. பாப் க்ளவுசர் 1980களில் சஸ்குவெஹானா ஆற்றின் ஸ்மால்மவுத் பாஸுக்காகக் கட்டியது. இரு குண்டுகளைக் கம்பியால் இணைத்த உலோகக் கண்களைத் தண்டின் மேல் கட்ட வேண்டும். அந்த எடையால் தண்ணீரில் இரை குப்புறத் திரும்பி, முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்கும். அடித்தரையில் தட்டித் தட்டி இழுத்தாலும் அதிகம் சிக்காது. கண்கள் நகராமல் இருக்க எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, அடியில் வட்டமாகச் சில சுற்றுகள் இறுக்கி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடவேண்டும். நிறம்தான் தலைகீழ்க் கணக்கு: வயிற்றுக்கான வெள்ளை மான் வால் மயிர் கண்கள் இருக்கும் பக்கத்தில், முதுகுக்கான கருமயிர் கூர் இருக்கும் பக்கத்தில். மான் வாலின் அடிப்பகுதி மயிர் உள்ளே பொள்ளலானது. நூல் இறுகியதும் விசிறியாகச் சிலிர்க்கும். மேல்பாதி மயிர் அவ்வளவு விரியாது, இதற்கு அதுவே சரி. எவ்வளவு மயிர் போதும் என்று தோன்றுகிறதோ அதில் பாதியை எடுத்துக் கட்டுங்கள். அடர்ந்த க்ளவுசர் மெதுவாக மூழ்கும், அசையவும் அசையாது.

மிதக்கும் இரைக்கு மான் உடல் மயிரைச் சுழற்றிக் கட்டும் முறையையும் முயன்றேன். பென்சில் தடிமன் கற்றையை எடுத்து, அடிமயிரைச் சீவி நீக்கி, இரண்டு தளர்ந்த சுற்றுகள் போட்டு இழுத்தால் கற்றை வெடித்துத் தண்டைச் சுற்றி விரியும். பார்க்கப் பரவசம்தான். பிறகு அதை நெருக்கி, பிளேடால் செதுக்கி, அடிப்பக்கத்தைத் தண்டு தெரியுமளவுக்கு ஒட்டச் சீவ வேண்டும். இல்லையென்றால் கூருக்கும் உடலுக்கும் நடுவே மீனின் வாய் நுழைய இடமிருக்காது. இத்தனைக்கும் பிறகு அது நீரை உறிஞ்சி அமிழ்ந்துவிடுகிறது. நுரைத்தக்கையில் செய்த பாப்பர் என்ற மிதக்கும் இரை நாள் முழுக்க மிதக்கிறது, கட்டுவதும் எளிது. மான் மயிர் தண்ணீரில் மெத்தென விழுகிறது என்பது உண்மை. ஆனால் மேசையிலும் தரையிலும் சிதறும் மயிரைக் கூட்டிப் பெருக்குபவருக்கு அது ஆறுதல் அல்ல.

கட்டியவை நீரில் எப்படி நடந்துகொண்டன? 10ஆம் எண் பக்கரை ப்ளூகில் தயங்காமல் எடுத்தது. க்ளவுசரைப் பாஸ் எடுத்தது இழுக்கும்போது அல்ல, இழுப்பை நிறுத்தி அது கீழே இறங்கும்போது. கையில் ஒன்றும் தெரியாது. மிதக்கும் கயிறு மட்டும் ஒரு பக்கமாகத் துள்ளும். அப்போது கோலைத் தூக்கக் கூடாது. கையால் கயிற்றை நீளமாக இழுத்தால்தான் முள் அந்தத் தடித்த தாடையில் ஏறுகிறது.

இப்போது வைஸில் இருப்பது களைத்தடுப்பு வேலை, முள் நீர்க்களையில் சிக்காமலிருக்க. முள்ளின் கூரை மறைத்து நிற்கும்படி வளைவிலிருந்து கண்வரை ஒரு நைலான் நரம்பு வளையம். தடித்தால் களையோடு மீனையும் தடுக்கும். மெலிந்தால் அல்லி இலையிலேயே மடங்கும். 20 பவுண்டு நரம்பில் தொடங்கியிருக்கிறேன்; பாப்பருக்கு அது போதுமென்று தோன்றுகிறது, 1/0 இரைகளுக்கு இன்னும் கொஞ்சம் தடித்தது வேண்டியிருக்கும்.