உம் கொட்டுவதற்கு ஓர் ஆள்

மே 7, செவ்வாய்

தென்மாவட்டங்களின் கதைசொல்லிகளை ஒலிப்பதிவு செய்யும் இந்தப் பயணத்தை ஒரு முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. இரவு காப்புப் பாடி, வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலை இறக்கிய அண்ணாவி, அதாவது வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகர், விடியும் வேளையில் வாழி பாடி முடிக்கும்வரை சோர்வின் அடையாளத்தைக் காட்டவில்லை. வில்லுப்பாட்டில் அவர் ஒருவரே கதை சொல்கிறார் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். மேடைக்கு அருகில் அமர்ந்து கேட்டபோதுதான், குடம் தட்டுபவரும் உடுக்கை அடிப்பவரும் கட்டைக்காரரும் வரிக்கு வரி 'ஆமா' போட்டு, இடையிடையே 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டு, அவரை அடுத்த வரிக்கு நகர்த்திக்கொண்டே இருப்பது புலப்பட்டது. அந்த 'ஆமா' ஒரு நொடி தாமதமானாலும் அண்ணாவி திரும்பிப் பார்த்துவிடுகிறார்.

மே 8, புதன்

தூங்கி எழுந்த அண்ணாவியிடம் முத்துப்பட்டன் கதையைப் பற்றிக் கேட்டேன். பிராமணனான பட்டன், காட்டில் கண்ட பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியச் சகோதரிகளை மணக்க விரும்புகிறான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை விதித்த நிபந்தனைப்படி பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மணம் முடிந்த கையோடு, மாடு கவர வந்தவர்களுடன் போரிட்டு மடிகிறான். காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோவிலில் பட்டவராயன் என்ற பெயரில் அவனுக்குள்ள சந்நிதிக்கு இன்றும் மக்கள் செருப்பையே காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள் என்றும், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்றும் வரும். பின்னால் ஒட்டவைக்கப்பட்ட இந்த மாற்றத்தைப் பற்றி நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை எழுதியிருக்கிறார். அண்ணாவி எதைப் பாடுவார் என்று கேட்டேன். "ரெண்டும் பாடுவேன் மக்களே. எந்த ஊரு எதுக்கு ஆமா போடுமோ, அத" என்றார். கோழைத்தனம் என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கூலியும் பாதுகாப்பும் அந்த ஊரின் கையில் இருக்கும்போது, நாற்காலியில் அமர்ந்து கோபப்படுவது எளிது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 10, வெள்ளி

ஒரு சுடலைமாடன் கோவிலில் கணியான் கூத்து. இங்கே வில் இல்லை; உச்சம், மந்தம் என்னும் இரண்டு மகுடப் பறைகளின் அதிர்வில், பெண் வேடமிட்ட இரு ஆண்கள் ஆட, அண்ணாவி நின்றபடி பாடினார். பின்பாட்டுக்காரர் அவருடைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். பதிவுக் கருவி மகுடத்தின் ஒலியைத் தாங்கவில்லை. பாதிக்கு மேல் இரைச்சல்தான் கிடைத்தது.

மே 15, புதன்

நாகர்கோவில் பக்கம் தோல்பாவைக் கூத்து நடத்தும் ஒரு குடும்பத்தோடு திரைக்குப் பின்னால் அமர அனுமதி கிடைத்தது. மராத்தியை வீட்டு மொழியாகக் கொண்ட இவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தமிழில் இராமாயணம் நடத்தி வருகிறார்கள். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை ஒரே மனிதர் ஆட்டுகிறார். இராமனுக்கும் சீதைக்கும் அரக்கர்களுக்கும் அவரே குரல். அருகில் ஆர்மோனியம் வாசிக்கும் மனைவியிடம் 'அடுத்த பாவையை எடு' என்று அவர் மராத்தியில் கிசுகிசுத்த அதே மூச்சில், திரைக்கு முன்னால் இராவணன் தமிழில் இடி முழக்கம் செய்துகொண்டிருந்தான். முன்வரிசைச் சிறுவர்களுக்கு இந்த இரண்டாவது மொழி கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

நான் மிகவும் விரும்பியது உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும். கோமாளிகளாகிய இவ்விருவரும் எந்தக் காட்சியிலும் நுழைந்து, பார்ப்பவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்கள். வில்லுப்பாட்டில் குடக்காரர் செய்த வேலையை இங்கே தோலால் ஆன இரண்டு உருவங்கள் செய்கின்றன. கூத்து முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். இராமனுக்குச் சொற்கள் பாட்டிலிருந்து வருகின்றன என்றும், இவர்களுக்கு மட்டும் அன்றைய கூட்டத்தைப் பார்த்த பிறகே வருகின்றன என்றும் அவர் விளக்கினார்.

மே 19, ஞாயிறு

காயல்பட்டினத்தில் ஒரு வீட்டின் உள்முற்றம். முதிய உம்மா ஒருவர், எண்ணெய்க்கறை படிந்த பழைய பிரதியிலிருந்து நூறு மசலா என்னும் நூலை இராகத்தோடு வாசித்தார். மசலா என்றால் வினா. இளவரசி ஒருத்தி விடுகதைகளை அடுக்க, விடை சொல்வதன்மூலம் அவளை வெல்லும் கதை அது. தமிழ் இசுலாமிய இலக்கியத்தில் மசலா மரபு பழையது; ஆயிரம் மசலா 1572-ஆம் ஆண்டிலேயே அரங்கேறிவிட்டது. கேள்வி முடிந்ததும் உம்மா நிறுத்திவிடுவார். அங்கிருந்த பெண்கள், விடை முன்பே தெரிந்தவர்கள்தாம், தெரியாதவர்கள் போலச் சிறிது யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். ஒரு சிறுமி அவசரப்பட்டு விடையைச் சொல்லி எல்லோரிடமும் வசை வாங்கினாள்.

மே 22, புதன்

கடற்கரை ஊர் ஒன்றில், கத்தோலிக்கராக மாறிய தேவசகாயம் பிள்ளையின் கதையை நாடகமாக நடித்த முதியவரைச் சந்தித்தேன். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். கடற்கரை மேடைகளோ அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை. நாடகம் பழக்குபவரை இந்த முதியவரும் 'அண்ணாவி' என்றே குறிப்பிட்டார். வில்லுப்பாட்டிலும் கணியான் கூத்திலும் கேட்ட அதே சொல். இதைச் சொன்னபோது அவருக்குச் சிறிதும் வியப்பில்லை. வேறு எப்படி அழைப்பார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

மே 28, செவ்வாய்

மழை. பதிவுகளை எழுத்தாக்கினேன். 'ஆமா'க்களை நீக்கிவிட்டால் பக்கங்கள் குறையும் என்று நினைத்து நீக்கிப் பார்த்தேன். கதை இருந்தது, சொல்வது யாருக்கு என்பது இல்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

மேடையேறாத ஒருவரைக் கேட்க வேண்டும் என்று, வயல்வேலைக்குப் போய் வாழ்ந்த ஓர் ஆச்சியிடம் வந்திருக்கிறேன். அவர் எடுத்துக்கொண்டது நல்லதங்காள் கதை. என் குரல் பதிவில் கலக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தேன். நான்கு வரி போனதும் ஆச்சி நிறுத்திவிட்டார். "உம் கொட்டலைன்னா நான் சுவத்துக்கா கதை சொல்லுதேன்?" என்றார். அதன்பிறகு ஒழுங்காக உம் கொட்டினேன்.

பஞ்சம் வந்தது, உம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள், உம். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்தினாள், உம். கிணற்றடி வந்தது. அர்ச்சுனாபுரத்தில் அந்தக் கிணற்றைக் காட்டுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாக அவள் தூக்கிப் போடத் தொடங்க, மூத்தவன் அவள் கைக்குச் சிக்காமல் ஓடினான் என்று ஆச்சி சொன்னார். அவன் பிடிபடுவான் என்று எனக்குத் தெரியும். என் தொண்டையிலிருந்து உம் வரவில்லை.

ஆச்சி சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியை மூடினார். மீதியை வெள்ளிக்கிழமை சொல்வதாகக் கூறிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒலிப்பதிவில் மூத்தவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.